பிள்ளையின் மனச்சாட்சிக்குக் காவலர் யார்?

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். அவர் கையில் நாலாக மடித்த வர்ணத் துண்டுப்பிரசுரம் ஒன்று இருந்தது. தரம் ஆறில், அரச பாடசாலையொன்றில் படிக்கும் அவருடைய மகளின் புத்தகப் பைக்குள் அது கிடந்ததாம். கொடுத்தவர் கணித ஆசிரியை. அவர் வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். இடைவேளையில் சில பிள்ளைகளை வகுப்பில் மறித்து வைத்துச் செபிப்பதும் உண்டாம்.

“முந்தநாள் இரவு செபமாலைக்கு இருக்கேக்க பிள்ளை கேக்கிறாள்: ‘அம்மா, மாதாவிட்டை மன்றாடுறது பாவமாமே? ரீச்சர் சொன்னவ. அப்ப அம்மம்மா எங்க போயிருப்பா?’ எண்டு. எனக்குச் செபமே வரேல்லை. போய்க் கேட்டால் பிள்ளையின்ர புள்ளியில கை வைப்பினமோ எண்டு பயமாக் கிடக்கு. கேளாமல் விடவும் மனம் விடுதில்லை. நான் என்ன செய்ய?”

அந்தக் கேள்விக்கு அன்று நான் கொடுத்த மறுமொழி அவசரமானது. “அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள்” என்றேன். வீட்டுக்கு வந்தபின் யோசித்துப் பார்த்தேன். அதிபரிடம் எதை எழுதுவது? எது குற்றம்? வேறு சமயத்தைப் பற்றிப் பிள்ளை கேள்விப்பட்டதா? அல்லது வேறேதாவதா? இதைத் தெளிவாக்காமல் ஆத்திரப்படுவதிலும் பயனில்லை, அடங்கிப் போவதிலும் பயனில்லை. ஆதலால் இவ்வாரம் உங்களோடு சேர்ந்து இதனைச் சற்று ஆழமாகச் சிந்திக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். நமது பிள்ளைகள் பிற சமயங்களைப் பற்றிக் கேள்விப்படுவது தீமையன்று. நமது ஊர்களில் கோயில் மணியும் ஆலய மணியும் ஒரே காற்றில்தான் வருகின்றன. அயல் வீட்டுப் பொங்கல் நமது வீட்டுக்கு வரும். நமது நத்தார்ப் பலகாரம் அங்கே போகும். தெருவிலே ஒருவர் தம் விசுவாசத்தைப் பற்றி நம்மோடு பேச வந்தால், கேட்பதற்கும் மறுப்பதற்கும் விலகிப் போவதற்கும் நமக்குச் சுதந்திரமுண்டு. அவரும் நாமும் சமமானவர்கள்.

வகுப்பறை அப்படிப்பட்ட இடமன்று. அங்கே பிள்ளை தானாக வந்து அமரவில்லை. சட்டம் அதனை அனுப்பியிருக்கிறது. எழுந்து போக அதற்கு உரிமையில்லை. முன்னே நிற்பவர் புள்ளி போடுபவர், புகழ்பவர், தண்டிப்பவர். பிள்ளைக்கு வயதோ பத்து, பன்னிரண்டு. ஆசிரியை சொன்ன பெருக்கல் வாய்பாடு சரியென்றால், அதே வாய் சொன்ன மற்றதும் சரியாகத்தானே இருக்கும் என்று அது நினைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தாய் இல்லை, தகப்பன் இல்லை. எனவே குற்றம் ஆசிரியையின் விசுவாசத்திலும் இல்லை, அதைப் பற்றி அவருக்கிருக்கும் ஆர்வத்திலும் இல்லை. கணிதம் கற்பிக்கவென்று அரசும் பெற்றோரும் நம்பிக் கொடுத்த அதிகாரத்தை, பெற்றோர் கொடுக்காத வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தியதே குற்றம். 

இந்தத் துன்பம் நமக்குப் புதியதுமன்று. அமெரிக்காவில் நமது சபையார் நீண்ட காலம் இதை அனுபவித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பொதுப் பாடசாலைகள் தோன்றியபோது, அவை எல்லாச் சமயத்தாருக்கும் பொது என்றுதான் சொல்லப்பட்டன. ஆயினும் பல இடங்களில் காலையில் புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பாகிய ஜேம்ஸ் மன்னர் வேதாகமம் வாசிக்கப்பட்டது. புரட்டஸ்தாந்து முறையில் செபம் சொல்லப்பட்டது. பிலதெல்பியா நகரில் கென்றிக் ஆண்டகை கேட்டது பெரிதொன்றுமன்று. கத்தோலிக்கப் பிள்ளைகள் தமது சபையின் மொழிபெயர்ப்பை வாசிக்கவும், தமதல்லாத சமயப் போதனையிலிருந்து விலகியிருக்கவும் இடம் வேண்டுமென்றார். வேதாகமத்தையே பாடசாலையிலிருந்து துரத்தப் பார்க்கிறார்கள் என்று புரளி கிளம்பிற்று. 1844இல் நகரத்தில் கலகம் மூண்டது. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீனார் ஆலயமும் எரிந்து சாம்பலாயின.

1859இல் பொஸ்ரன் நகரப் பாடசாலையொன்றில் தோமஸ் வால் என்ற கத்தோலிக்கச் சிறுவன், பத்துக் கட்டளைகளைப் புரட்டஸ்தாந்து முறையில் ஒப்புவிக்க மறுத்தான். அப்படிச் சொல்ல வேண்டாமென்பது வீட்டின் கட்டளை. ஆசிரியர் பிரம்பினால் அவன் கைகளில் அரை மணி நேரமளவில் அடித்தார். பின்னர் நூற்றுக்கணக்கான கத்தோலிக்கச் சிறுவர் ஒப்புவிக்க மறுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அடித்த ஆசிரியர்மீது தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. 1890இலேதான் விஸ்கொன்சின் மாநிலத்தில், எட்ஜேர்ற்றன் என்ற சிற்றூரின் கத்தோலிக்கப் பெற்றோர் தொடுத்த வழக்கில், பொதுப் பாடசாலையில் நடந்த அந்த வாசிப்பு ஒரு சபைக்குச் சார்பான போதனையே என்று அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்த்தது.

இவை பழங்கதைகள் என்று எண்ண வேண்டாம். ரெக்சாஸ் மாநிலத்தின் சான்ர ஃபே என்ற ஊரில், பாடசாலைக் கால்பந்து ஆட்டங்களுக்கு முன் ஒலிபெருக்கியில் செபம் சொல்லும் வழக்கம் இருந்தது. அங்கே ஆசிரியர் ஒருவர் வகுப்பில் பப்ரிஸ்த் சபைக் கூட்டமொன்றின் அறிவித்தலைக் கொடுத்து, ஒரு மாணவியின் சமயத்தை விசாரித்து, அவள் மோர்மன் எனத் தெரிந்ததும் அச்சமயத்தை இழிவாகப் பேசினார் என்பது வழக்கின் பதிவுகளில் உண்டு. 1995இல் இரு குடும்பங்கள் நீதிமன்றம் சென்றன. ஒன்று மோர்மன் குடும்பம். மற்றது கத்தோலிக்கக் குடும்பம். அவர்களுடைய பெயர்கள் மறைத்து வைக்கப்பட்டன. அவர்கள் யாரென்று துருவித் தேடக் கூடாதென நீதிபதி எச்சரிக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆறு நீதிபதிகளுக்கு மூவர் மாறுபட, அப்பெற்றோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. செபத்துக்கு எதிராக ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வழக்காடுவதா என்று சிலர் திகைக்கலாம். அவர்கள் எதிர்த்தது செபத்தையன்று. பாடசாலையின் அதிகாரம் செபத்தின் உடையணிந்து தம் பிள்ளைகள்முன் வந்து நின்றதையே எதிர்த்தார்கள்.

இதுவரை நாம் துன்புற்றவர்களின் பக்கத்தில் நின்று பேசினோம். அது எளிது. இனி மற்றப் பக்கத்துக்கும் போவோம்.

19ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க மிசனார் 1816இல் வந்தார்கள். பிறகு வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடங்கள் எழுந்தன. ஆங்கிலக் கல்வி வேண்டுமென்ற சைவப் பெற்றோர் பெரும்பாலும் மிசன் பாடசாலைக்கே பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே எழுத்தோடு வேதபாடமும் சேர்ந்தே வந்தது. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் கற்பித்து, வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இதனாலன்றோ? அதே நூற்றாண்டில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தை ஆண்ட பொஞ்சீன் ஆண்டகை, புரட்டஸ்தாந்துச் செல்வாக்கிலிருந்த கலப்புப் பாடசாலைகளை எதிர்த்து, அந்தந்தச் சமயத்தாருக்கு அரச உதவியோடு தத்தம் பாடசாலை வேண்டுமென வாதாடினார். நாவலரும் பொஞ்சீன் ஆண்டகையும் விசுவாசத்தில் எதிரெதிரானவர்கள். ஆயினும் பிள்ளையைப் பற்றி இருவரும் கேட்டது ஒன்றே: கல்விக்கு விலையாகப் பிள்ளையின் சமயத்தைக் கேளாதீர்கள் என்பது.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வரை, நமது சபையும் ஏராளமான பாடசாலைகளை நடத்தியது. அவற்றில் சைவப் பிள்ளைகள் படித்தார்கள். பெற்றோர் விரும்பாவிடில் பிள்ளை சமய வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்ற மனச்சாட்சி விதி சட்டத்தில் இருந்தது. அன்று படித்த சைவப் பெரியவர்கள் பலர் தமது குருமாரையும் சகோதரிகளையும் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அந்த நன்றி உண்மையானது. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: “உங்களுக்கு விலகியிருக்க மனம் வந்ததா? எல்லாரும் முழங்காலில் நிற்க, நீங்கள் மட்டும் நின்றுகொண்டிருக்க முடிந்ததா?” அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் மறுமொழியில் சில வேளை ஒரு சிறு வலியும் இருக்கும். அதையும் நாம் கேட்க வேண்டும்.

சட்டத்தில் விலகும் உரிமை இருப்பதனால் மட்டும் பிள்ளை விடுதலை பெறுவதில்லை. அமெரிக்காவின் சம்பெயின் நகரில், 1940களில், பாடசாலை நேரத்திலேயே சமய வகுப்புகள் நடந்தன. சமய நம்பிக்கையில்லாத ஒரு தாயின் மகன் அவற்றில் சேரவில்லை. ஒருமுறை அவனைத் தனியே நடைபாதையில் மேசை போட்டு இருத்தினார்கள். போவோர் வருவோருக்கு அவன் வேடிக்கையானான். அத்தாய் தொடுத்த வழக்கு 1948இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது. அவருடைய நம்பிக்கையின்மையை நாம் ஏற்கவில்லை. ஆனால் நடைபாதையில் தனியே இருந்த அந்தச் சிறுவனைக் காணும்போது, பொஸ்ரனில் அடிபட்ட நம் சிறுவன் நினைவுக்கு வராவிட்டால் நமது கண்ணில் ஏதோ கோளாறு.

“நம்மிடம் உண்மை இருக்கிறது. உண்மையைப் பிள்ளைக்குக் கொடுப்பது அன்பல்லவா? நோயாளிக்கு மருந்து கொடுக்கத் தகப்பனிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதா?” என்று சிலர் கேட்பதுண்டு. இது இலகுவில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. அந்தக் கணித ஆசிரியையும் இதையேதான் சொல்வார்.

இதே கேள்வியை 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாரும் எடுத்துக்கொண்டார். யூதருடைய பிள்ளைகளைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக ஞானஸ்நானம் பெறச் செய்யலாமா என்பதே கேள்வி. ஆன்மா காக்கப்படுமல்லவா என்ற வாதத்தை அவர் அறிவார். அறிந்தும், கூடாது என்கிறார். புத்தி விபரம் வருமட்டும் பிள்ளை, தாயின் வயிற்றில் இருந்தது போலவே, பெற்றோரின் பராமரிப்பிலும் அடங்கியிருக்கிறது. அதிலிருந்து அதனைப் பறிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பது அவர் தீர்ப்பு. இயற்கை நீதியை மிதித்துக்கொண்டு இறையருளைக் கொண்டுவர முடியாது. இயற்கையைப் படைத்தவரும் அருளைத் தருபவரும் ஒருவரே.

இந்தப் படிப்பினையை நாமே மறந்த காலமும் உண்டு. 1858இல், பாப்பரசரின் ஆட்சியிலிருந்த பொலோஞ்ஞா நகரில், எட்காருதோ மோர்த்தாரா என்ற ஆறு வயது யூதச் சிறுவனைக் காவலர் வந்து பெற்றோரிடமிருந்து கொண்டுபோயினர். அவன் கைக்குழந்தையாக நோயுற்றிருந்தபோது வீட்டு வேலைக்காரி இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தாள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை கிறிஸ்தவனாகவே வளர வேண்டுமென்பது அங்கே சட்டம். பெற்றோர் மன்றாடியும் பிள்ளை திரும்பவில்லை. அவன் வளர்ந்து விருப்பத்தோடு குருவானான், 1940இல் இறந்தார். “முடிவு நன்றாயிற்றே” என்று சொல்வோருண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நம்மில் யாருக்குத் துணிவு வரும்? நம் பிள்ளைக்கு வேறொருவர் இப்படிச் செய்து, “முடிவு நன்றாயிற்று” என்றால் ஏற்போமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமய சுதந்திரம் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இவ்விடயத்தைத் திட்டமாகச் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு எச்சமயக் கல்வி என்று தீர்மானிக்கும் உரிமை பெற்றோருடையது. விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயல்கூட இருத்தலாகாது; எளியவர், கல்வியறிவற்றவர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இது கத்தோலிக்கருக்கு மட்டும் சொன்ன சலுகையன்று. சைவத் தாய்க்கும், முஸ்லிம் தகப்பனுக்கும், எச்சமயமும் இல்லாதவருக்கும் உரியதாகச் சபை அறிவித்த உரிமை அது. நமது ஆண்டவர் தம்மைப் பின்பற்றும்படி அழைத்த செல்வந்த இளைஞன் முகம் வாடித் திரும்பியபோது, அன்போடு அவனைப் பார்த்தவர் அவனைப் போகவிட்டார். பின்னால் ஆளனுப்பவில்லை. பயத்தினால் வந்ததும், புள்ளிக்காக வந்ததும் விசுவாசமன்று.

இன்னொரு கேள்வியும் எழலாம். பெற்றோரின் உரிமைக்கு எல்லையே இல்லையா? உண்டு. பிள்ளை நமது சொத்தன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த பொறுப்பு. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை நமது நாடும் 1991இல் ஏற்றது. அது பிள்ளையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தை மதித்து, வளர்ந்துவரும் அதன் ஆற்றலுக்கேற்பப் பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கிறது. பதினாறு வயது மகன் தானாகவே சிந்தித்து நமது விசுவாசத்தைப் பற்றிக் கடினமான கேள்வி கேட்டால், அவனை அடக்குவது மறுமொழியாகாது. பிள்ளையின் மனச்சாட்சி அதனுடையது. அது முதிரும்வரை காவலிருக்கவே நாம் நியமிக்கப்பட்டோம். பிறர் அவசரமாகப் பறிக்காமற் காப்பதும், நாமே நசுக்காமற் காப்பதும் ஒரே காவலின் இரு பக்கங்கள்.

“அப்படியானால் மதமாற்றத்தையே சட்டத்தால் தடுத்துவிடலாமே” என்பாருக்கும் ஒரு வார்த்தை. 2004இல் அப்படியொரு சட்டமூலம் நமது பாராளுமன்றத்துக்கு வந்தது. நமது ஆயர்கள் அதனை எதிர்த்தார்கள், அது நிறைவேறவில்லை. எதிர்த்தது சரியே. நாட்டின் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பிய சமயத்தை உடையவராயிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. முதிர்ந்த ஒருவர் சிந்தித்துச் செய்யும் தெரிவை மறிப்பது ஒரு காரியம். பிள்ளையைப் பூட்டிய அறையில் தனியே பிடிப்பதைத் தடுப்பது வேறொரு காரியம். இரண்டையும் குழப்பினால், நம்மைக் காக்கப் போட்ட வேலியே நம்மைச் சிறை வைக்கும்.

நமது அரச பாடசாலைகளில் சமயம் ஒரு பாடமாகவே இருக்கிறது. கத்தோலிக்கத் திருமறை, கிறிஸ்தவம், சைவநெறி, இஸ்லாம், பௌத்தம் என்று பிள்ளைக்குப் பிள்ளை அவரவர் சமயம் கற்பிக்கப்படுகிறது. இது நல்ல ஒழுங்கு. ஆயினும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இரண்டோ மூன்றோ மட்டும் உள்ள இடத்தில், அப்பாடத்துக்கு ஆசிரியரில்லாமல் பிள்ளை பின் வாங்கில் சும்மா இருக்க நேரிடுகிறது. வெற்றிடத்தில்தான் பிறர் நுழைவர். நாம் முறையிடப் போகுமுன், அந்த வெற்றிடத்தை நிரப்ப வீட்டிலும் பங்கிலும் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மாதாவை ஏன் வணங்குகிறோம், வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் என்ன வேற்றுமை என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாத வீட்டில், ஒரு துண்டுப்பிரசுரம் பெரும் புயலாகிவிடும்.

அந்தத் தாயை மறுபடி சந்தித்து, என் அவசர ஆலோசனையைத் திருத்திக்கொண்டேன். முதலில் ஆசிரியையிடம் தனியே போங்கள். கேளாவிட்டால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதன் பின்பே அதிபர். இது நமது ஆண்டவரே காட்டிய ஒழுங்கு. பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம். இரு பெரியவர்களுக்கு நடுவே அதை நிறுத்துவது நீதியன்று. அவர் சபையை இகழ வேண்டாம்.

அவர் போனார். ஆசிரியை அழுதாராம். “பிள்ளையில இருந்த அன்பிலதான் செய்தனான்” என்றாராம். அதற்கு இவர் சொன்ன வார்த்தையை நான் மறக்கமாட்டேன்: “உங்கட அன்பை நான் சந்தேகிக்கேல்லை ரீச்சர். ஆனால் நான் இல்லாத இடத்தில, எனக்குத் தெரியாமல் செய்தியள்.”

துண்டுப்பிரசுரம் கொடுப்பது நின்றுவிட்டது. இடைவேளைச் செபம் நிற்கவில்லை. ஆனால் இவருடைய மகளை இப்போது மறிப்பதில்லை. மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது தெரியுமோ என்பது இன்னும் தீராத கேள்வி. அவர்களுள் சைவப் பிள்ளைகளும் உண்டு. “என்ர பிள்ளை தப்பீற்றாள், காணும் எண்டு இருக்கலாமோ?” என்று இவரே என்னைக் கேட்டார். இருக்கலாகாது என்பதே என் மறுமொழி. நமது பிள்ளைக்காக மட்டும் கேட்பது சலுகை. எல்லார் பிள்ளைக்குமாகக் கேட்பதே நீதி.

பிறகு சற்றுத் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவரும் ஓர் ஆசிரியை. வேறோர் அரச பாடசாலையில் கற்பிக்கிறார். பரீட்சைக்கு முதல்நாள் தம் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் கண்மூடச் செய்து, மாதாவை நோக்கி ஒரு செபம் சொல்விப்பது அவர் வழக்கம். வகுப்பில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். “பத்து வருசமாச் செய்யிறன். ஒரு தாயும் வந்து கேக்கேல்லை. பயத்திலயோ கேளாமல் விட்டவை?”

அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியப் பணியிலிருக்கும் சகோதர சகோதரிகளே, இக்கேள்வியை உங்கள் கையில் தருகின்றேன். வகுப்பில் எதைச் சொல்லுமுன்னும், எதைச் சொல்விக்குமுன்னும், அந்தப் பிள்ளையின் தாய் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவள் நின்றாலும் சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். அவள் நின்றால் சொல்லமாட்டோம் என்று தோன்றுவதை விட்டுவிடுங்கள். பிறர் நமது பிள்ளைக்குச் செய்யலாகாதென நாம் கேட்பதை, நாம் பிறர் பிள்ளைக்குச் செய்யாதிருப்போம். இந்த வருடம் பரீட்சைக்கு முதல்நாள், அந்த வகுப்பில் பிள்ளைகள் தத்தம் மனதுக்குள் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார்கள் என்று அந்தத் தாய் எனக்குச் சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் தமது செபத்தையும் தமக்குள் சொல்லிக்கொள்வார். நமது அன்னை அதைக் கேளாமலா விடுவார்?